பெரியப்பாவின் டின் முழுக்க “இராசராசன் காசு”: எதெல்லாம் உண்மையில் அவனுடையது?

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா போன வருடம் தவறிவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பழைய காசு சேர்த்தவர். பெரியம்மாவுக்கு இதில் நாட்டமில்லை, “உனக்குத்தானே இந்தப் பைத்தியம், நீயே வச்சுக்கோ” என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதில் ஒரு பிஸ்கட் டின் முழுக்கச் செப்புக் காசுகள். ஒவ்வொன்றும் சின்னக் காகித உறையில். உறை மேல் நீல மையில் “இராசராசன்” என்று எழுதியிருக்கிறார். சிலவற்றில் வாங்கிய இடமும் உண்டு: “கும்பகோணம், பாத்திரக்கடை, எடைக்கு”, “கரூர், ஆற்றுமணல் சலிப்பவரிடம்” என்று. சில உறைகளில் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தவரை எல்லாக் காசிலும் ஒரு பக்கம் குச்சி குச்சியாக ஒரு ஆள் நிற்கிறார். மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஏதோ எழுத்து. தமிழ் இல்லை. சில காசு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. இரண்டில் பச்சையாகத் தூள் மாதிரி கிளம்புகிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் இன்னும் கை வைக்கவில்லை.

இது எல்லாமே ராஜராஜ சோழன் காசுதானா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பா? டின்னோடு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து கேட்டார், உறையெல்லாம் வேண்டாம், காசு மட்டும் போதும் என்றார். டின்னோடு ஒரு சின்ன வெண்கலப் பிள்ளையாரும் வந்திருக்கிறார், அவரை என்ன செய்வது?

---

செப்புக்காசு எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் ஒன்று. அந்த உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். உறை வேண்டாம் என்று சொன்னவருக்குக் காசும் கொடுக்காதீர்கள். எந்த ஊரில், யாரிடம், எப்படி வந்தது என்று எழுதி வைத்த சேகரிப்பு நம் பக்கம் ரொம்ப அபூர்வம். காசு கிடைக்கும், அந்தக் குறிப்பு திரும்பக் கிடைக்காது. உறை நைந்திருந்தால் புது உறைக்குள் பழைய உறையையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, புளி கூடாது. எலுமிச்சை, பித்தளை பாலீஷ், திருநீறு எதுவும் கூடாது. ஆயிரம் வருடத்துச் செம்பின் மேல் படிந்திருக்கும் கறுப்பும் பச்சையும் கலந்த அந்தப் படலம்தான் அதற்குப் பாதுகாப்பு. தேய்த்தால் படலத்தோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். அப்புறம் அது யார் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை நல்லது. தொட்டால் உதிரும் வெளிர் பச்சைத் தூள்தான் நோய். மண்ணில் இருந்த உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்கிறது. அந்த இரண்டையும் மற்றவற்றோடு வைக்காதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அவ்வப்போது மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் எதையும் போட வேண்டாம், அது செம்பைக் கெடுக்கும். பெரியப்பா காகிதம் பயன்படுத்தியது சரியான வேலை.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் குச்சி ஆள்தான் ராஜராஜன் செப்புக் காசின் அடையாளம். அவன் ஆட்சி 985 முதல் 1014 வரை. நிற்கும் உருவத்தின் கையில் ஒரு மலர், பக்கத்தில் சில புள்ளிகள், அவற்றின் மேல் ஒரு பிறை. காலுக்கு நடுவே வேட்டி மடிப்பு கோடு கோடாகத் தொங்கும். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் (இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம்) “ஸ்ரீ ராஜராஜ”. பெரிய கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டியவன் காசில் நாகரியைப் போட்டானே என்று பலருக்கு ஏமாற்றம். ஆனால் இந்த வகையில் அதுதான் நடைமுறை. தமிழில் “ராஜராஜன்” என்று இன்றைய எழுத்தில் பொறித்து யாராவது காட்டினால் அது சுற்றுலாக் கடைச் சரக்கு.

நிற்பவர் அரசனா, அமர்ந்திருப்பது தெய்வமா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே முடிவில் இல்லை. அதனால் உருவத்தை வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது. எழுத்துதான் சொல்லும். ஏனென்றால் இதே குச்சி ஆளைப் பின்னால் பல பேர் போட்டிருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் சோழருக்கு ஆகாதவர்கள்.

நாகரி படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காசைச் சன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெதுவாகத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அப்போது எழுந்து வரும். ஸ்ரீக்குப் பிறகு வரும் எழுத்துகளை மட்டும் பாருங்கள். ராஜராஜ என்பது நான்கே எழுத்து. முதல் இரண்டும் அடுத்த இரண்டும் ஒன்று போலவே இருக்க வேண்டும். நான்குதான் என்பதால் எழுத்து பெரிதாக, இடம் விட்டு இருக்கும். எழுத்துகள் திரும்ப வராமல், சின்னதாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் அது வேறு ஆள்.

ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதுங்கள். நகைக்கடைத் தராசு போதும். முழுக் காசு நான்கு கிராமுக்கு முன்பின் இருக்கும், குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர் அளவு. விளிம்பையும் பாருங்கள். இவை அச்சு வைத்து அடித்தவை. அதனால் வட்டம் கோணலாக இருக்கும், உருவம் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், ஓரத்தில் வெடிப்பு இருக்கலாம். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால், மேலே ஊசிக்குத்துப் போலக் குழிகள் இருந்தால், எழுத்து கரைந்த சோப்பின் மேல் எழுதியது போல மழுங்கியிருந்தால் அது வார்ப்பு, அதாவது உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த போலி. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் இன்னும் சந்தேகமே வேண்டாம். போலி செய்கிறவன் ஒரு நல்ல காசை எடுத்துத்தான் அச்சு எடுக்கிறான்.

எடையும் எழுத்தும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். குறிப்பாக அந்தக் கேள்விக்குறி உறைகள்.

---

சத்திரம் எழுதியது:

சட்டக் கேள்விக்கு மட்டும் என் பதில்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள்தான். ஆனால் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் அனுப்புவதும் குற்றம். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. “சிங்கப்பூரில் இருக்கிற மாமாவுக்கு ஒரு காசு கொடுத்தனுப்பலாமே” என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

பிள்ளையார் விஷயம் வேறு. கல், உலோகம், சுடுமண், மரம், தந்தச் சிற்பங்களும் ஓவியங்களும் படம் வரைந்த சுவடிகளும் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் உள்ளன. காசு அந்தப் பட்டியலில் இல்லை. சிலைக்கு நூறு வயது தாண்டியிருக்கும் என்று தோன்றினால் படம் எடுத்துக்கொண்டு தொல்பொருள் பதிவு அலுவலரைப் பாருங்கள். புதுசு என்றால் தொல்பொருள் அல்ல என்று சான்றிதழே வாங்கலாம். பின்னால் யாராவது எந்தக் கோயில் சிலை என்று கேட்டால் கையில் காகிதம் இருப்பது நல்லது.

மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததென்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வெள்ளைக்காரன் காலத்துத் தொகை, இன்றும் அப்படியே இருக்கிறது.

---

கரூர்க்காரன் எழுதியது:

விலை பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். யூடியூபில் “ராஜராஜன் காசு இருக்கா, ஐந்து லட்சம் ரெடி” என்று வருமே, அதெல்லாம் ஆளைப் பிடிக்கிற வேலை. முதலில் ஆசை காட்டி, அப்புறம் பதிவுக் கட்டணம், வரி என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இது நடந்ததால் 2021 ஆகஸ்ட்டில் வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை என்று.

ராஜராஜன் செப்புக் காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குவியலாகக் கிடைத்த ஒன்று. சாதாரண நிலையில் உள்ளது சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. பெயர் பெரிது, காசு மலிவு. அதனால்தான் புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காசு இல்லை என்பேன்.

ராஜராஜன் பெயரில் பாதுகாப்பாகச் சேர்க்க வேண்டுமென்றால் 2010-இல் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய், ஐந்து ரூபாய் நினைவு நாணயங்கள் இருக்கின்றன. 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்னால் தஞ்சைக் கோயில் படம் உண்டு, ஆனால் அதன் விலை வேறு லெவல்.

---

வல்லிபுரம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செப்புக்காசு ஐயா சொன்ன “வேறு ஆட்கள்” யார் என்று நான் சொல்லலாம் போல, அவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான்.

993 அளவில் சோழப்படை அநுராதபுரத்தை அழித்து, பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தது. ராஜராஜனின் தேவி பெயரால் கட்டிய வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் அங்கே நிற்கிறது. 1070-இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தினான். ஆனால் காசு மட்டும் மாறவில்லை. சனத்துக்குப் பழகிப்போன காசு என்பதால் அதே நிற்கும் ஆள், அதே அமர்ந்த ஆள், பெயர் மட்டும் வேறு. முதலாம் பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், தர்மாசோகன், புவனேகபாகு என்று பின்னால் இலங்கையை ஆண்டவர்கள் வரிசையாக இதே மாதிரியில் அடித்திருக்கிறார்கள். இங்கே இதை மஸ்ஸ என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த உருவமே சோழர் கொண்டுவந்தது என்று உங்கள் பக்கம் நினைப்பார்கள். அதற்கு முன்பே இங்கே “ஸ்ரீ லங்கா விபு” என்று பொறித்த பொற்காசுகளில் இதே நிற்கும் ஆளும் அமர்ந்த ஆளும் இருக்கிறார்கள். ராஜராஜன்தான் இங்கிருந்து எடுத்தான் என்பது வலுவான கருத்து. கோபிக்க வேண்டாம்.

லீலாவதி காசைக் கவனமாகப் பாருங்கள். அதில் “ஸ்ரீ ராஜ லீலாவதி” என்று இருக்கும். தொடக்கம் அப்படியே ராஜராஜன் போல. கீழ்ப்பாதி தேய்ந்துவிட்டால் இங்கேயே பலர் மாறி விற்கிறார்கள். இங்கிருந்து காசு வாங்கிக் கொண்டுபோகலாம் என்றும் யோசிக்க வேண்டாம், எங்கள் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அனுமதியில்லாமல் வெளியே விடாது.

---

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டின் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன்.

பெரும்பாலானவற்றில் ஐயா சொன்னது போலவே இரண்டு எழுத்து திரும்ப வருகிறது. எடை மூன்றே முக்கால் கிராமிலிருந்து நான்கே கால் வரை. ஒன்று மட்டும் ஆறு கிராம், விளிம்பில் கோடு ஓடுகிறது. அதன் உறையில் பெரியப்பா ஊர் எதுவும் எழுதவில்லை.

கேள்விக்குறி உறைகள்தான் ஆச்சரியம். எல்லாவற்றிலும் எழுத்து சின்னதாக, நெருக்கமாக இருக்கிறது. ஒன்றில் மேலே “ராஜ” தெரிகிறது, அதற்குக் கீழே திரும்ப வரவில்லை, கொம்பு போட்டது போல வேறு எழுத்துகள். படம் இணைத்திருக்கிறேன்.

இன்னொரு காசு எதிலும் சேரவில்லை. நிற்கும் ஆள் இருக்கிறார், கொஞ்சம் கொச்சையாக. ஆனால் மறுபக்கம் உட்கார்ந்தவர் இல்லை, முழுக்க எழுத்து. அதில் ஒரு “ட” நாம் எழுதுவது போலவே தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் கால் போட்டிருக்கிறது. உறையில் “இராசராசன்??” என்று இரண்டு கேள்விக்குறி.

---

செப்புக்காசு எழுதியது:

படம் பார்த்தேன். உங்கள் பெரியப்பா சும்மா சேர்க்கவில்லை அம்மா, காசைப் படித்திருக்கிறார். அந்தக் கேள்விக்குறி எல்லாமே சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

நெருக்க எழுத்துக் காசுகளில் வல்லிபுரத்தார் சொன்ன லீலாவதி ஒன்று நிச்சயம். ராஜவுக்குக் கீழே இருப்பது “லீலா”. பராக்கிரமபாகுவின் பட்டத்தரசி அவள், அவன் இறந்த பிறகு 1197-இலிருந்து 1212 வரைக்குள் மூன்று தடவை அரியணை ஏறி இறங்கியவள். ராஜராஜனுக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் பிந்தியவள். தன் பெயரில் காசு அடித்த பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? எனக்குக் கொடுத்தால் பத்து ராஜராஜனைத் தந்துவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன். மற்ற இரண்டும் பராக்கிரமபாகு போலத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் சாய்த்து ஒரு படம் போடுங்கள்.

அந்த ஆறு கிராம் காசை வார்ப்பு என்றே எழுதி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம். போலியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும்.

ட எழுத்துக் காசு சோழனுடையது இல்லை. பாண்டியர்களும் இந்த நிற்கும் ஆளை எடுத்துக்கொண்டு மறுபக்கம் தமிழ் எழுத்தும் மீனும் போட்டார்கள். உங்கள் படத்தில் “டான” என்று முடிகிறது, மேலே “சோ” போல ஒன்று தெரிகிறது. பழைய தமிழில் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பதால் “டான்” என்றே படிக்கலாம். “சோணாடு கொண்டான்” என்பது என் கணிப்பு. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், 1216-இல் பட்டத்துக்கு வந்து மூன்றாம் குலோத்துங்கனை முறியடித்துச் சோழநாட்டைப் பிடித்தவன். ராஜராஜன் என்று எழுதிய உறைக்குள் அவன் போய் உட்கார்ந்திருக்கிறான். பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்திருக்கும், அதனால்தான் இரண்டு கேள்விக்குறி.

ஒரு பெயர்க் குழப்பம் பாக்கியிருக்கிறது, யாராவது உங்களைப் பிடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நடுவில் பன்றி, சுற்றிலும் தெலுங்கு-கன்னட எழுத்தில் ராஜராஜ என்று ஒரு தங்கக் காசு உண்டு. அது கீழைச் சாளுக்கிய ராஜராஜ நரேந்திரனுடையது. நம் ராஜராஜனின் மகள் வழிப் பேரன், தாத்தா பெயர்தான். தங்கம் என்றதும் “ராஜராஜ சோழன் பொற்காசு” என்று விலை ஏற்றுவார்கள். சோழர் சின்னம் என்றால் புலியும் பக்கத்தில் மீனும் வில்லும் இருக்கும். பன்றி சாளுக்கியர் சின்னம். அதைப் பார்த்தாலே போதும்.

இனி செய்ய வேண்டியது: ஒவ்வொரு உறைக்கும் ஒரு எண், இரு பக்கப் படம், எடை, பெரியப்பா எழுதியது அப்படியே, அதற்குக் கீழே நீங்கள் படித்தது. அவர் எழுத்தின் மேல் திருத்தம் போடாதீர்கள், தனி வரியில் எழுதுங்கள். “கரூர், ஆற்றுமணல்” என்று எழுதிய உறைகள் எத்தனை, அதில் எது இலங்கைக் காசு என்று பார்த்துச் சொல்லுங்கள். அமராவதி மணலில் லீலாவதி வந்திருந்தால் அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

---

மணல்மேடு எழுதியது:

லீலாவதி உறையில் “கும்பகோணம், பாத்திரக்கடை” என்றுதான் இருக்கிறது ஐயா. கரூர் உறைகள் எல்லாமே ராஜராஜன். இரண்டு பராக்கிரமபாகுவுக்கும் இடம் எழுதவில்லை, ஆனால் ஒரே மை, அடுத்தடுத்த உறை. சாய்ந்த வெளிச்சப் படம் நாளைக்குப் போடுகிறேன். பிள்ளையாரைப் பெரியம்மா பூஜை அறையில் வைத்துவிட்டார். வயது தெரியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். படம் எடுக்க மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.

---

சத்திரம் எழுதியது:

பூஜையில் இருந்தாலும் பழையது என்றால் பதிவு வேண்டும். முன், பின், பீடம் மூன்றும் தெரியும்படி எடுங்கள். பீடத்தின் அடியில் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.